மாளிகையாரும் காணாமல்போன முப்பத்தொரு வருடங்களும்

இங்கிலாந்தின் ஒரு கிராமத்து மாளிகை பல நூறு வருடமாக யார் யார் கையில் இருந்தது என்பதைத் தன் கல்யாண நாளைவிடத் திருத்தமாகச் சொல்லக்கூடிய தமிழர் கனடாவின் ஸ்காபரோவில் ஒருவர்தான் உண்டு. அவர் எனக்குப் பக்கத்து மேசையில் பன்னிரண்டு வருடம் இருந்தார். கல்யாண நாளை அவர் மூன்று தடவை மறந்தார். மூன்று தடவையும் அவர் மனைவி சுகந்தி அக்காவின் போனை எடுத்தது நான்தான்.

"பிள்ளை, அவர் ஒஃபிசிலை நிக்கிறாரோ, இங்கிலாந்திலை நிக்கிறாரோ?" என்று அக்கா கேட்பார்.

"ஒஃபிசிலைதான் அக்கா."

"உடம்பைக் கேக்கேல்லை."

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்ற இடமெல்லாம் அவர் மாளிகையார். முகத்துக்கு நேரே நாங்கள் அண்ணை என்போம்.

எங்களுடையது அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருக்கிற சட்ட அலுவலகம். கீழே மரக்கறிக் கடை. வீடு வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் கருவேப்பிலைப் பையோடு மேலே ஏறி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். லோயர் இங்கே பிறந்து வளர்ந்த இளைஞர். நான் முன்மேசை. மாளிகையாரின் வேலை டைட்டில் சேர்ச். விற்கப்படுகிற வீடு உண்மையிலேயே விற்கிறவருடையதுதானா, அவருக்கு முன் யாருடையது, வேறு எவருக்காவது அதில் உரிமை உண்டா என்று தேடிப் பார்ப்பது. எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வேறு அலுவலகங்களில் அரை மணித்தியாலத்தில் முடிக்கிற வேலை. மாளிகையாருக்கு இரண்டு நாள் செல்லும். தேவைப்பட்டதற்கு மேல் நாலைந்து சொந்தக்காரர் பின்னால் போய், அவர்களுக்காகக் கவலைப்படத் தொடங்கிவிடுவார்.

"பார் பிள்ளை, இந்த மனுசன் வீட்டை வாங்கி எட்டு மாசத்திலை வித்திருக்கிறான். என்ன நடந்ததோ தெரியேல்லை."

"அண்ணை, அவர் வித்து நாப்பது வருஷம்."

"எண்டாலும்."

இப்படிப்பட்டவரிடம் மாளிகை எப்படி அகப்பட்டது என்று சொல்கிறேன். எங்களுக்கு முன்னே அந்த மேல்மாடியில் ஒரு பல் வைத்தியர் இருந்தார். போகும்போது காத்திருக்கும் அறைச் சுவரில் ஒரு பெரிய படத்தை விட்டுவிட்டுப் போனார். சாம்பல் கல்லால் கட்டிய நீளமான ஆங்கிலேய வீடு, ஏழெட்டுப் புகைபோக்கி, முன்னால் செம்மறியாடுகள். பல வருடம் அதை யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் மகனின் வீட்டுக்குக் கையெழுத்துப் போட வந்த முதியவர் ஒருவர் அதன் முன்னே நின்று, மாளிகையாரைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"தம்பி, உது மார்க்கெட்டிலையோ? எத்தினை பெட்ரூம்?"

வீட்டு அலுவல் பார்க்கிற இடத்தில் வீட்டுப் படம் தொங்கினால் அது விற்பனைக்கு என்று அவர் நினைத்ததில் பிழையில்லை. வேறு யாராயிருந்தாலும் சிரித்துவிட்டு, "இல்லை அங்கிள், சும்மா படம்" என்றிருப்பார்கள். மாளிகையாருக்குச் சிரிப்பு வரவில்லை. கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றினார். பின்பக்கம் மங்கிய எழுத்தில் 'ஹேசல்கம் மேனர்' என்று இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆரெண்டு தெரியாமல் இத்தினை வருஷம் அதுக்குக் கீழை இருந்திருக்கிறன், பிள்ளை" என்றார்.

அன்றிலிருந்து தொடங்கியது.

முதலில் மாளிகையின் இணையத்தளத்தைக் கண்டுபிடித்தார். இப்போது அது கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிற ஹோட்டல். 'எங்கள் வரலாறு' என்று ஒரு பக்கத்தில் சொந்தக்காரர் பட்டியல் இருந்தது. அவருக்கு அது போதவில்லை. அந்த மாவட்டத்தின் ஆவணக் காப்பகத்துக்கு ஈமெயில் எழுதினார். அங்கே ஜில் என்றொரு அம்மா பதில் போட்டார். முதல் வருடம் 'மதிப்புக்குரிய ஐயா' என்று வந்த பதில், இரண்டாம் வருடம் பெயரோடு வந்தது. மூன்றாம் வருடம் தன் பூனைக்குச் சிறுநீரகத்தில் வருத்தம் என்று எழுதினார்.

"பூனைக்கு என்ன பிள்ளை எழுதுறது? கெட் வெல் சூன் எண்டு போட்டால் காணுமோ?"

"பூனையின்ரை பேரைக் கேட்டு எழுதுங்கோ அண்ணை."

கேட்டு எழுதினார். அடுத்த கிழமை பன்னிரண்டு பழைய காணி உறுதிப் பத்திரங்களின் படம் வந்தது.

மாளிகையின் கதையை அவர் சொல்லுகிற விதம் தனி. ஹேசல்கம் ஏதோ யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலுக்கும் இணுவிலுக்கும் நடுவே இருப்பதுபோலவும், அந்தச் சனங்களை நேற்றுக் கோயிலில் கண்டதுபோலவும் சொல்வார்.

"முதல்லை அது சாமிமாரின்ரை மடத்துக் காணி. அமைதியா இருந்தவை. பேந்து அரசன் வந்து மடமெல்லாம் பிடிச்சான். எங்கடை பக்கம் ஆமி வந்து வளவைப் பிடிச்ச மாதிரித்தான், முள்ளுக்கம்பி மட்டும் இல்லை. பிடிச்சிட்டு, தன்ரை சப்பாத்தைக் கழட்டிவிடுற ஒருத்தனுக்குக் குடுத்தான். சப்பாத்துக்காரனுக்குக் காணி பாக்கத் தெரியுமோ? கம்பளி வியாபாரி வில்லியத்துக்கு வித்திட்டான். வில்லியம் நல்ல உழைப்பாளி. ஆனால் பெடியள் ரெண்டும்…"

பெடியள் இரண்டு பேர், ஜோனும் தோமஸும். தகப்பன் இறந்த பிறகு மாளிகையைப் பங்கு போட்டார்கள். பெரிய சாப்பாட்டு மண்டபம் யாருக்கு என்பதில் சண்டை. கடைசியில் மண்டபத்தின் நடுவே கல்லால் ஒரு சுவரைக் கட்டினார்கள். அடுப்பு ஜோனின் பக்கம் போனது, ஜன்னல் தோமஸின் பக்கம் போனது. ஒருவர் வெளிச்சமில்லாமலும் மற்றவர் குளிரிலும் இருபது வருடம் சாப்பிட்டார்கள்.

"வேலிச் சண்டை எங்கடை ஆக்களிட்டை மட்டும்தான் எண்டு நினைக்காதேங்கோ. அவை வீட்டுக்குள்ளையே வேலி போட்டவை!"

இந்தக் கதையை அவர் சொன்னது, மறுநாள் கைமாற வேண்டிய ஒரு வீட்டைக் கூட்டாக வாங்கக் கையெழுத்துப் போட வந்திருந்த இரண்டு சகோதரர்களுக்கு. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்கள். கேட்டு முடித்ததும் மூத்தவர் பேனாவை மூடினார்.

"அண்ணை, நாங்கள் ஒருக்கா யோசிச்சிட்டு வாறம்."

லோயர் அறையிலிருந்து வெளியே வந்தபோது அவர்கள் கார் பார்க்கிங்கில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, வட் ஹாப்பண்ட்? நாளைக்கு குளோசிங்! நீங்க என்ன சொன்னீங்க?"

"சரித்திரம் சொன்னனான்" என்றார் மாளிகையார்.

இனிமேல் கிளையண்டுகளோடு கதைக்கக் கூடாது என்று லோயர் கண்டிப்பாகச் சொன்னார். அது மூன்று மாதம் செல்லுபடியானது. பிறகு அதே சகோதரர்கள் லட்டுப் பெட்டியோடு வந்தார்கள். கூட்டு வீட்டை விட்டுவிட்டு, ஒரே தெருவில் ஆளுக்கொரு வீடு பார்த்திருந்தார்கள். ஒரு ஃபைல் போன இடத்தில் இரண்டு ஃபைல் வந்தது. லோயர் லட்டைக் கடித்துக்கொண்டே மாளிகையாரைப் பார்த்தார். அதற்குப் பிறகு கண்டிப்பு எதுவும் இல்லை.

கதையில் ஓரிடத்தில் மட்டும் அவர் பகிடி விடமாட்டார். சகோதரர்களுக்கு வெகுகாலம் பின்னே மாளிகையை வாங்கிய ஒருவன் இலங்கையில் கோப்பித் தோட்டம் வைத்திருந்தவன் என்று ஜில் எழுதிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. மாளிகையின் மேற்குப் பக்கம் அந்தக் காசில் கட்டியதாம். மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் இருந்தார். நான் சும்மா, "அப்ப மேற்குப் பக்கம் எங்கடை எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"எங்கடை இல்லைப் பிள்ளை. நானும் நீயும் கோப்பி புடுங்கேல்லை. மலையிலை வேலை செய்த சனத்தின்ரை" என்றார். பிறகு மாளிகைக்குத் தானே கீறி வைத்திருந்த வரைபடத்தில் மேற்குப் பக்கத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அதில் பெயர் எழுதாமல் விட்டார். தெரிந்த பெயர் எதுவும் இல்லை என்றார்.

இவ்வளவு வீட்டறிவு உள்ள மனிதர் எங்கே வாழ்ந்தார் என்றால், அஜின்கோர்ட்டில் ஒரு வாடகை அபார்ட்மெண்டின் பதினோராம் மாடியில். சுகந்தி அக்கா பதினாறு வருடமாக ஒரு வீடு கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அவருக்கு வேண்டியது பெரிய வீடல்ல. கத்தரி நடக் கொஞ்சம் நிலம், மேல்வீட்டுக்காரர் நடக்கிற சத்தம் கேட்காத ஒரு கூரை. இருவரும் வீடு பார்க்கப் போவார்கள். அக்காவுக்குப் பிடிக்கும். மறுநாள் மாளிகையார் கம்ப்யூட்டரில் அந்த வீட்டின் வரலாற்றைத் தோண்டுவார். அத்துடன் சரி.

ஒரு வீட்டுக்குப் பதினேழு வருடத்தில் ஒன்பது சொந்தக்காரர். "ஒருத்தரும் தரிச்சு நிக்கேல்லை. ஏதோ இருக்கு." இன்னொரு வீட்டில் சகோதரி ஒருத்தியை விலக்கிவிட்டு விற்றிருக்கிறார்கள். மூன்றாவது வீடுதான் எனக்கு மறக்கவில்லை, ஏனென்றால் அந்தச் சண்டை போனில் ஸ்பீக்கரில் நடந்தது.

"இஞ்சரும், அந்த வீட்டுக்காரன் மனிசிக்குச் சொல்லாமல் ரெண்டாம் மோட்கேஜ் எடுத்திருக்கிறான். அந்தப் பொம்பிளையின்ரை கண்ணீர் சுவரிலை இருக்கும்."

"சுவருக்குப் பெயின்ற் அடிக்கலாம்" என்றார் சுகந்தி அக்கா.

வாங்கவில்லை.

இந்தக் காலத்தில்தான் முப்பத்தொரு வருடம் காணாமல்போனது. ஹோட்டலின் பட்டியலில் ஜோன், தோமஸ் இருவருக்கும் அடுத்த பெயர் எட்வேர்ட், தோமஸின் பேரன். சகோதரர்கள் இறந்த வருடத்துக்கும் எட்வேர்ட் பொறுப்பேற்ற வருடத்துக்கும் நடுவே முப்பத்தொரு வருடம் ஒன்றுமில்லை.

"அவ்வளவு காலமும் வீடு காத்திலையே நிண்டது?" என்று லோயரிடம் கேட்டார்.

"அண்ணை, ப்ளீஸ். ஐ ஹாவ் எ கிளையண்ட் ஆன் த லைன்."

ஜில்லும் அவரும் ஒரு குளிர்காலம் முழுக்கத் தேடினார்கள். மாசி மாதத்தில் ஜில் தோமஸின் மரணசாசனத்தைக் கண்டெடுத்தார். ஜோனுக்கு ஒரே பிள்ளை, மகள், பெயர் ஆன். கல்யாணம் செய்யாதவள். தகப்பனின் பாதி அவளுக்கு வந்தது. தோமஸின் மகன் குடிகாரன், தகப்பனுக்கு முன்னரே போய்விட்டான். பேரனோ தொட்டிலில் கிடந்தான். அதனால் தோமஸ் சண்டைக்காரத் தமையனின் மகளுக்கே தன் பாதியையும் எழுதியிருந்தான். ஆன் முப்பத்தொரு வருடம் மாளிகையை நடத்தினாள். குத்தகைச் சீட்டுகளிலெல்லாம் அவள் கையெழுத்து. கூரையை முழுதாக மாற்றினாள். பொறுப்பேற்ற முதல் வருடமே செய்த வேலை, மண்டபத்தின் நடுச்சுவரை இடித்தது. கல்லை வீணாக்காமல் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சின்னப் பாலம் கட்டினாள்.

மாளிகையார் அந்த ஈமெயிலைப் பிரிண்ட் எடுத்து அலுவலகம் முழுக்கக் காட்டினார். கீழே போய் மரக்கறிக் கடைக்காரருக்கும் காட்டினார். "நல்ல பிள்ளை" என்று கடைக்காரர் சொன்னார்.

ஹோட்டலுக்கு எழுதினார். 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். கல்யாணப் பொதிகளின் விலைப்பட்டியல் வந்தது. ஆறாவது கடிதத்துக்குப் பிறகு பதிலே இல்லை.

அந்த வருடக் கோடையில் சுகந்தி அக்காவின் தங்கை மகளுக்கு லண்டனில் கல்யாணம். அக்காவுக்கு இங்கிலாந்து என்றால் தங்கை வீடு. இவருக்கு அது ஹேசல்கம். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், ரயிலும் பஸ்ஸும் மாறி, ஃபைலும் கையுமாக இருவரும் போனார்கள். மீதிக் கதை அக்கா எனக்குச் சொன்னது.

அன்றைக்கு அங்கே ஓர் ஆங்கிலேயக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. இவர் கோட் சூட். மாளிகைக்குப் போகிறோம், மரியாதையாகப் போகவேண்டும் என்று அக்காவையும் பட்டுச்சேலை உடுக்க வைத்திருந்தார். வாசலில் நின்றவர்கள் விருந்தாளிகள் என்று நினைத்து, இருவர் கையிலும் ஆளுக்கொரு கிளாஸைக் கொடுத்து உள்ளே விட்டுவிட்டார்கள். அக்கா ஓரமாக நின்றார். இவர் மண்டபத்தின் நடுவில் குனிந்து, தரைக் கல்லில் பழைய சுவர் நின்ற தடத்தைத் தேடினார். மாப்பிள்ளையின் தகப்பன் வந்து, ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்டார்.

விழுந்தது ஒரு சுவர் என்று தொடங்கினார் மாளிகையார். சாமிமாரிலிருந்து தொடங்கினார். கால் மணித்தியாலத்தில் அவரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அடுப்பில்லாத தோமஸின் கதைக்கு மாப்பிள்ளையின் தகப்பன் கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். மணமகளும் வந்து கேட்டாள். கேக் வெட்டப் பிந்தியது. கேக் பிந்தியதும் மனேஜர் வந்தார், வயர் கோத்த காதோடு ஓர் இளம்பெண். "சேர், நீங்கள் எந்தப் பக்கத்து விருந்தாளி?" என்று கேட்டாள்.

"ஆனின் பக்கம்" என்றார் இவர்.

மண்டபச் சுவரில் பலகை ஒன்று இருந்தது. சொந்தக்காரர் பெயரெல்லாம் பொன்னெழுத்தில். இவர் ஃபைலைத் திறந்து விளக்கினார். மனேஜர் பணிவாகக் கேட்டுவிட்டு, மேலிடத்துக்குத் தெரிவிக்கிறேன், இப்போது நீங்கள் வெளியே போகவேண்டும் என்றாள். இவர் தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஃபைலைக் கட்டினார்.

அப்போதுதான் சுகந்தி அக்கா பலகைக்குக் கிட்டப் போனார். இத்தனை வருடமும் அந்த மாளிகையின் பெயரைக் கேட்டால் சட்டியைச் சத்தமாக வைத்த மனுசி. பலகையை மேலிருந்து கீழே வாசித்தார். கூரையைப் பார்த்தார். பிறகு மனேஜரிடம் தன் சமையலறை ஆங்கிலத்தில் சொன்னார். வீட்டைக் குழப்பினவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது, கூரை போட்டவள் பெயர் மட்டும் இல்லை. நீ இந்தக் கூரைக்குக் கீழேதானே வேலை செய்கிறாய்?

 மனேஜர் ஃபைலைக் கொடுங்கள் என்று கை நீட்டினாளாம்.

திரும்பி வருகிற ரயிலில் இவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். முகத்தைத் திருப்பாமலே சொன்னார்:

"செத்துப்போன ஒரு பொம்பிளைக்கு அவளின்ரை வீட்டை எடுத்துக் குடுக்க இவ்வளவு தூரம் வந்தனீங்கள். பிழை சொல்லேல்லை. நான் உயிரோடை பக்கத்திலை இருக்கிறன்."

மாளிகையார் லண்டன் வரும்வரை வாய் திறக்கவில்லையாம். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் எனக்கு நம்பக் கஷ்டமான செய்தி இது ஒன்றுதான்.

கனடாவுக்குத் திரும்பி ஒரு மாதத்தில் அவர் என் மேசைக்கு முன்னே ஒரு வாடிக்கையாளரைப் போல வந்து நின்றார். கையில் ஒரு டவுன்ஹவுஸ் வாங்குகிற ஒப்பந்தம்.

"பிள்ளை, சேர்ச்சை நீ செய். நான் செய்தால் வாங்கமாட்டன்."

"ஏதும் இருந்தால் சொல்லவோ அண்ணை?"

"வேறை ஆருக்கும் உரிமை இருந்தால் மட்டும் சொல்லு. கண்ணீர் ஒண்டும் எனக்குச் சொல்லாதை."

செய்தேன். வேறு எவருக்கும் உரிமை இருக்கவில்லை. இருந்த ஒரு சின்னக் கண்ணீரை நான் சொல்லவில்லை.

கையெழுத்து நாளன்று அவர் லோயரிடம், உறுதியில் சுகந்தியின் பெயர் மட்டும் போதும் என்றார். அக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏன், உங்கடை பேருக்கு என்ன?"

"உம்மடை வீடு. உம்மடை பேர் இருக்கட்டும்."

"நல்ல கதை. முந்நூறு வருஷத்தாலை ஆரோ ஒரு வேலையில்லாத மனுசன் உங்களைத் தேடி ஊர் ஊராத் திரியிறதோ? ரெண்டு பேரையும் போடுங்கோ தம்பி."

லோயர் இரண்டு பெயரையும் போட்டார். போடும்போது சிரிப்பை அடக்கத் தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்த வசந்தத்தில் ஹோட்டலிலிருந்து ஒரு படம் வந்தது. பொன்னெழுத்துப் பலகையில் இடம் போதவில்லையாம். அதன் பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு, அதில் ஆனின் பெயரும் வருடங்களும். மாளிகையார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஆனுக்கு இங்கிலிஷிலை கடைசியிலை ஈ எழுத்து வரவேணும். ஈயை விட்டிட்டினம்" என்றார். உடனே ஏழாவது கடிதத்தைத் தொடங்கினார்.

போன வருடம் முழங்கால் வருத்தத்தோடு ஓய்வு பெற்றார். கடைசி நாளன்று கேக் வெட்டினோம். லோயர் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசினார். புறப்படும்போது என் மேசையில் ஒரு கவரை வைத்தார். உள்ளே, நான் வாடகைக்கு இருக்கிற பேஸ்மெண்டின் வரலாறு. வீட்டுச் சொந்தக்காரர்களைப் பற்றிய விபரம் மேலே இரண்டு வரிதான். அதற்குக் கீழே அந்தப் பேஸ்மெண்டில் எனக்கு முன் குடியிருந்தவர்கள். வீட்டுக்கார அன்ரியிடமும் பக்கத்து வீடுகளிலும் போய் விசாரித்திருக்கிறார். ஒரு கிரேக்கத் தையற்காரர். கயானாவிலிருந்து வந்த இரண்டு தாதிகள். மட்டக்களப்புக் குடும்பம் ஒன்று, நாலு பிள்ளைகள். கடைசி வரியில் என் பெயர், நான் வந்த மாதம், அதற்குப் பிறகு ஒரு சின்னக் கோடு, கோட்டுக்கு அப்பால் வெறுமை.

"உறுதியிலை பேர் வராதுதான். ஆனால் இருந்தவை இருந்தவைதானே, பிள்ளை" என்றார்.

அவருடைய மேசையில் இப்போது ஓர் இளம்பெண் இருக்கிறாள். சேர்ச்சை இருபது நிமிடத்தில் முடிக்கிறாள். குளோசிங் எல்லாம் சொன்ன நாளில் நடக்கிறது, லோயருக்கு நல்ல நிம்மதி. எனக்குத்தான் மத்தியானங்கள் மிகவும் நீளமாக இருக்கின்றன.